இ.எல்.சி.பி இருந்தும் வெல்டிங் ராடு மாற்றும்போது ஷாக் அடிப்பது ஏன்?

நீங்கள் கேட்டிருப்பது இது: சின்ன இன்வெர்ட்டர் ஆர்க் வெல்டிங் மெஷின் வாங்கியாயிற்று, லைனில் இ.எல்.சி.பி-யும் (கரண்ட் கசிந்தால் லைனைத் துண்டிக்கும் பிரேக்கர்) இருக்கிறது, ஆனாலும் வியர்த்த கையோடு ராடு மாற்றினால் சுருக்கென்று அடிக்கிறது, மெஷினில் கோளாறா, எப்படிப் பாதுகாப்பாக வைத்துக்கொள்வது?

பெரும்பாலும் மெஷினில் கோளாறு இருக்காது. எந்த மெஷினாக இருந்தாலும் உள்ளே ஒரு டிரான்ஸ்ஃபார்மர் உண்டு, இன்வெர்ட்டரிலும் உண்டு, அளவுதான் சின்னது. அதனால் லைன் பக்கமும் ராடைப் பிடிக்கிற ஹோல்டர் பக்கமும் ஒன்றோடொன்று கம்பியால் சேராத தனித்தனிச் சுற்றுகள். இ.எல்.சி.பி லைன் பக்கம் போன கரண்ட் முழுதாகத் திரும்பியதா என்று மட்டும்தான் பார்க்கும். ஹோல்டரிலிருந்து உங்கள் உடம்பு வழியாக ஜாபுக்கு, அதாவது வெல்டிங் அடிக்கிற இரும்புக்கு, போகிற கரண்ட் அதன் கணக்கிலேயே வராது.

அப்புறம் பலரும் தலைகீழாக நினைக்கிற ஒன்று. ஆர்க் எரியும்போது ஹோல்டரில் 20 முதல் 30 வோல்ட்தான். எரியாமல் சும்மா இருக்கும்போதுதான் 60, 70, சிலதில் 80 வோல்ட்கூட நிற்கும். ஆக, ராடு மாற்றுகிற அந்த நேரம்தான் மோசமான நேரம். காய்ந்த கையில் அது ஒன்றும் தெரியாமல் போகலாம். வியர்வையில் ஊறிய தோல் கையுறை, ஈரத் தரை, இரும்பின் மேல் உட்கார்ந்தோ படுத்தோ வேலை என்று சேர்ந்துவிட்டால் அதே வோல்ட் ஆளைக் கொல்லும். பழைய ஏ.சி டிரான்ஸ்ஃபார்மர் மெஷினில் ஆபத்து இன்னும் அதிகம். இரண்டு ஜோடி கையுறை வைத்துக்கொண்டு நனைந்ததைக் காயப் போடுங்கள், காலுக்கடியில் ரப்பர் விரிப்போ காய்ந்த பலகையோ போடுங்கள், ஹோல்டரின் பிடியில் விரிசல் இருந்தால் டேப் சுற்றாமல் ஹோல்டரையே மாற்றுங்கள். மெஷினில் வி.ஆர்.டி வசதி இருந்தால் அதை எப்போதும் ஆனில் வையுங்கள், வெல்டிங் நின்றதும் வோல்ட்டேஜைத் தானாகக் குறைத்துவிடும்.

அடுத்தது எர்த். நம்மாட்கள் ஜாபில் மாட்டுகிற கிளாம்பையும் எர்த் என்பார்கள், ப்ளக்கின் மூன்றாவது பின்னையும் எர்த் என்பார்கள். இரண்டும் வேறு வேறு. மூன்றாவது பின் மெஷின் பாடியில் கரண்ட் கசிந்தால் காப்பாற்றுவதற்கு. கிளாம்ப் என்பது வெல்டிங் கரண்ட் மெஷினுக்குத் திரும்பிப் போகிற வழி. இதைக் குழப்பிக்கொண்டு நான் வாங்கிக் கட்டிக்கொண்ட கதை ஒன்று உண்டு. ட்ரில்லிங் மெஷினின் வைஸில் ஒரு துண்டைப் பிடித்துவிட்டு, கிளாம்பைப் பக்கத்திலிருந்த இரும்புத் தூணில் மாட்டி டேக் (ஒரு புள்ளி மட்டும் ஒட்டவைக்கிற வெல்டிங்) அடித்தேன். தூணும் எர்த், ட்ரில்லிங் மெஷினும் எர்த், நூறு ஆம்பியருக்கு மேல் கரண்ட் அந்த மெஷினின் ஒல்லி எர்த் வயர் வழியாகப் போய் இன்சுலேஷன் உருகிப் புகைந்தது. எம்.சி.பி (லைனில் கரண்ட் அளவு மீறினால் விழுகிற பிரேக்கர்) விழவில்லை, இ.எல்.சி.பி விழவில்லை, விழக் காரணமும் இல்லை. அந்த வயர் முழுதாக அறுந்திருந்தால் அதற்கப்புறம் அந்த மெஷினைத் தொடுகிறவர் எர்த் இல்லாத மெஷினைத் தொடுவார், அது யாருக்கும் தெரியவும் தெரியாது. அதிலிருந்து கிளாம்ப் ஜாபிலேயே, அடிக்கிற இடத்துக்குப் பக்கத்தில், பெயின்ட்டும் துருவும் சுரண்டிய இடத்தில்தான். தூண், பைப், செயின் எதுவும் கிடையாது. இடையில் பேரிங் இருந்தால் அதுவும் பாழாகும்.

லைன் பக்கம்: 160 ஆம்பியரில் அடிக்கும்போது 230 வோல்ட் லைனிலிருந்து மெஷின் 20 ஆம்பியருக்கு மேல் இழுக்கும், மலிவு இன்வெர்ட்டர் என்றால் 30-ஐத் தாண்டும். சாதாரண 16 ஆம்பியர் சாக்கெட்டில் மெல்லிய ராடு ஓட்டலாம், முழு கரண்டில் ஓட்டக் கூடாது. எக்ஸ்டென்ஷன் வயரைச் சுருளாக வைத்தே ஓட்டாதீர்கள், முழுதாகப் பிரித்துவிடுங்கள், சுருளுக்குள் சூடு தேங்கி வயர் உருகும்.

டியூட்டி சைக்கிள் என்று பெயர்ப்பலகையில் 60% போட்டிருந்தால், அந்த ஆம்பியரில் 10 நிமிடத்தில் 6 நிமிடம் அடிக்கலாம், 4 நிமிடம் ஓய்வு. வழக்கமாக 40 டிகிரி வெப்பத்தை வைத்துப் போட்ட கணக்கு அது. முடித்ததும் டக்கென்று ஆஃப் பண்ணாமல் ஃபேன் கொஞ்ச நேரம் ஓடட்டும்.

பராமரிப்பு என்று பெரிதாக ஒன்றும் இல்லை, பாதிப் பிரச்சினை லூஸ் ஜாயின்ட்தான். கேபிள் லக்கு, மெஷினில் சொருகுகிற கனெக்டர், கிளாம்பின் நட்டு, இவற்றை வேலை முடிந்ததும் தொட்டுப் பாருங்கள் (ஆஃப் பண்ணிவிட்டு!). கேபிளைவிட ஜாயின்ட் சூடாக இருந்தால் அங்கே பிடிமானம் சரியில்லை. இன்வெர்ட்டருக்கு இன்னொரு எமன் கிரைண்டர் தூசி, அது இரும்புத் தூள், ஃபேன் அதை உறிஞ்சி போர்டின் மேல் படியவைக்கும், ஒருநாள் டப்பென்று போய்விடும். கிரைண்டரை மெஷின் பக்கமாகத் திருப்பிவைத்து ஓட்டாதீர்கள். மாதம் ஒருமுறை ப்ளக்கைக் கழற்றிவிட்டுக் காய்ந்த காற்றால் மெதுவாக ஊதலாம், வெளியிலிருந்தே. மூடியைத் திறக்க வேண்டாம், உள்ளே கெப்பாசிட்டரில் 300 வோல்ட்டுக்கு மேல் நிற்கும், ப்ளக்கைக் கழற்றியதும் அது உடனே இறங்காது.

கண்ணுக்கு 100-150 ஆம்பியரில் 10-ஆம் நம்பர் கறுப்புக் கண்ணாடி. ஒரு டேக்தானே என்று வெறும் கண்ணால் அடித்தால் அப்போது ஒன்றும் தெரியாது, நடுராத்திரியில் கண்ணில் மணலை அள்ளிக் கொட்டியது மாதிரி எழுப்பிவிடும். ஜி.ஐ பைப் என்றால் அடிக்கிற இடத்தில் துத்தநாகப் பூச்சைத் தேய்த்து எடுத்துவிடுங்கள், அந்தப் புகையை இழுத்தால் அன்று இரவே குளிர்காய்ச்சல். பிரேக் கிளீனர் தெளித்த இரும்பில் வெல்டிங்கே வேண்டாம், அதில் குளோரின் கலந்த கரைப்பான் இருந்தால் ஆர்க்கின் சூட்டிலும் புற ஊதாக் கதிரிலும் பாஸ்ஜீன் என்கிற விஷவாயு உண்டாகும். காலி டிரம்மும் அப்படித்தான், எண்ணெய் இருந்த டிரம் காலியாகத் தெரிந்தாலும் உள்ளே ஆவி இருக்கும், வெடிக்கும். பொறி 10 மீட்டர் வரைகூடப் பறக்கும், அதனால் வேலை முடிந்து அரை மணியாவது, முடிந்தால் ஒரு மணி நேரம், அங்கேயே இருந்து பாருங்கள்.

இவ்வளவும் சரியாக இருந்தும், காய்ந்த கையுறையோடும் அடிக்கிறது என்றால், அல்லது மெஷின் பாடியைத் தொட்டாலே சுருக்கென்கிறது என்றால், அது வேறு விஷயம். ப்ளக்கைக் கழற்றிவிட்டு எலக்ட்ரீஷியனிடம் முதலில் அந்த சாக்கெட்டின் எர்த்தைச் சோதிக்கச் சொல்லுங்கள், மெஷினை அப்புறம் பார்க்கலாம்.