‘கூல்’ என்றால் புகழ்ச்சியா, இகழ்ச்சியா?

கேள்வி: என் மகனுக்கு எது பிடித்தாலும் ‘கூல்’ என்கிறான். எங்கள் நிறுவனத்தின் லண்டன் கிளையிலிருந்து வந்த கடிதத்தில், நான் தயாரித்த திட்டத்துக்கு ‘கூல் ரிசப்ஷன்’ கிடைத்ததாக எழுதியிருந்தார்கள். அலுவலகத்தில் இனிப்பு வழங்கிய பிறகுதான், திட்டம் அங்கே எடுபடவில்லை என்பது புரிந்தது. ஒரே சொல்லுக்கு ஏன் இப்படி நேரெதிரான பொருள்கள்?
– வாசகர் ஒருவர், திருச்சி

பதில்: தமிழில் நினைப்பவர் எவரும் இனிப்புதான் வாங்கியிருப்பார். மனம் குளிர்வதும் வயிறு குளிர்வதும் நமக்கு நிறைவின் அடையாளங்கள். அருளுக்கே ‘தண்ணளி’ என்று பெயரிட்டவர்கள் நாம். குளிர்நாட்டு மொழியான ஆங்கிலத்திலோ கதகதப்புத்தான் அன்பு. அந்த அன்பு குறைந்தால் ‘கூல்’, அறவே இல்லாவிட்டால் ‘கோல்ட்’.

பழைய ஆங்கிலத்திலிருந்தே வழங்கிவரும் இச்சொல், ‘கோல்ட்’, ‘சில்’ ஆகியவற்றோடு ஒரே வேரில் கிளைத்தது. உணர்ச்சியை வெப்பமாகக் கருதினால், அந்த வெப்பம் தணிந்த நிலையே ‘கூல்’; தணிந்தது எந்த உணர்ச்சி என்பதைப் பொறுத்தே அது புகழாவதும் பழியாவதும். ஷேக்ஸ்பியரின் ‘ஹாம்லெட்’ நாடகத்தில், கொதித்து நிற்கும் மகனிடம், அந்தத் தீயின்மீது ‘கூல்’ ஆன பொறுமையைத் தெளிக்குமாறு தாய் வேண்டுகிறாள். அங்கே தணிய வேண்டியது ஆவேசம் என்பதால் சொல் நல்லதாகிறது; உங்கள் கடிதத்தில் தணிந்திருந்தது ஆர்வம்.

உங்கள் மகனின் ‘கூல்’ அமெரிக்கக் கறுப்பின இசைக்கலைஞர்களின் பேச்சிலிருந்து உலகெங்கும் பரவியது. லூயி ஆம்ஸ்ட்ராங் 1925-இல் ‘ஹாட் ஃபைவ்’ என்ற பெயரில் இசைத்தட்டுகளைப் பதிவு செய்யத் தொடங்கிய காலத்தில், ஜாஸ் இசைக்குச் சூடுதான் பெருமை. பின்னர் வந்த சாக்ஸஃபோன் கலைஞர் லெஸ்டர் யங், உரத்து முழக்காமல் மென்மையாக, அவசரமின்றி வாசித்தார். ‘கூல்’ என்பதை இன்றைய பொருளில் பரப்பியவராகப் பலரும் குறிப்பிடுவது அவரைத்தான். மைல்ஸ் டேவிஸ் குழுவினர் 1949, 1950 ஆண்டுகளில் செய்த பதிவுகள் 1957-இல் தொகுக்கப்பட்டபோது, ‘கூல்’ அந்தத் தொகுப்பின் தலைப்பிலேயே ஏறிவிட்டது. நிறவெறியின் அவமதிப்புகளுக்கு நடுவே முகத்தில் சலனம் காட்டாதிருப்பது கறுப்பினத்தவருக்குத் தற்காப்பாகவும் தன்மானமாகவும் இருந்தது. அந்த நிதானம் பார்ப்பவர்களைக் கவர, ‘பதறாதவர்’ என்ற பொருள் ‘பின்பற்றத் தக்கவர்’ என்றும், நாளடைவில் வெறுமனே ‘அருமை’ என்றும் விரிந்தது. (இப்போது ‘சரி’ என்பதற்கும் அதுவே போதுமாகிவிட்டது, சொல் தேய்வது இப்படித்தான்.)

நம் நீதிமன்றங்களுக்கும் இச்சொல் வந்திருக்கிறது. இந்துத் திருமணச் சட்டத்தின் 13பி பிரிவின்படி, பரஸ்பர சம்மதத்துடன் மணவிலக்குக் கோருவோர் காத்திருக்க வேண்டிய ஆறு மாதங்களைக் ‘கூலிங் ஆஃப்’ காலம் என்பார்கள். தகுந்த வழக்குகளில் அதைத் தளர்த்தலாம் என்று 2017-இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. இங்கே ஆறவேண்டியது கோபம்.

கேள்வி: ‘எ கூல் மில்லியன்’ என்கிறார்களே, பணத்துக்கு என்ன குளிர்ச்சி?
– வாசகி ஒருவர், மதுரை

பதில்: ‘முழுசாக’ என்று நாம் அழுத்திச் சொல்வதுபோலத்தான். பெருந்தொகையையும் சலனமின்றிச் சொல்லும் தோரணை அது. பழைய வழக்கு, 1749-இல் வெளியான ஹென்றி ஃபீல்டிங்கின் ‘டாம் ஜோன்ஸ்’ நாவலில், சூதாட்டத்தில் ஒரு ‘கூல்’ நூறைத் தோற்றதாக ஒருவர் அறிவிக்கிறார். அவர் மேசையை விட்டு எழுந்ததென்னவோ சூடாகத்தான்.