மகள் சந்தைப்படுத்தல் படிக்கப் போகிறாளா? பதிவுப் பணம் கட்டுவதற்கு முன்

கேள்வி: மகள் உயர்தரம் வர்த்தகப் பிரிவு. பல்கலைக்கழக அனுமதிக்கான இசட் புள்ளி போதாததால் கம்பஸ் கிடைக்கவில்லை. சந்தைப்படுத்தல்தான் படிப்பேன் என்று பிடிவாதமாக நிற்கிறாள். கணக்கியல் என்றால் நாலு பேருக்குச் சொல்ல ஒரு மரியாதை இருக்கிறது. இது பையைத் தூக்கிக்கொண்டு கடை கடையாக ஏறும் வேலையல்லவா? (ஒரு தாயார், வவுனியா)

அம்மா, உங்கள் பயத்தில் பாதி நியாயமானது. மருத்துவரும் சட்டத்தரணியும் பதிவில்லாமல் தொழில் செய்ய முடியாது. கம்பனிக் கணக்கைத் தணிக்கை செய்து கையெழுத்திடவும் தகுதி வேண்டும். சந்தைப்படுத்தலுக்கு அப்படியொரு வேலி கிடையாது. நேற்று பேஸ்புக் பக்கம் திறந்தவரும் இன்று 'மார்க்கெட்டிங் மனேஜர்' என்று கார்ட் அடிக்கலாம், யாரும் தடுக்க மாட்டார்கள். தொழிலின் மதிப்பு குறைந்து தெரிவதற்கு முதற்காரணம் இதுதான். கடை ஏறுவதில் ஒரு குறைச்சலும் இல்லை. கடை ஏறாமல் மேலே போனவர்கள்தான் பின்னால் தடுமாறுகிறார்கள்.

சட்டம் போடாத வேலியைத் தொழில்சார் நிறுவகங்கள் போட முயன்று வருகின்றன. பிரித்தானியாவில் 1911இல் விற்பனை முகாமையாளர்களின் சங்கமாகத் தொடங்கியதுதான் இன்றைய பட்டயச் சந்தைப்படுத்தல் நிறுவகம், சுருக்கமாக சி.ஐ.எம். அதற்கு 1989இல் அரச பட்டயம் கிடைத்தது. பட்டயக் கணக்காளர் என்பதுபோல 'பட்டயச் சந்தைப்படுத்துநர்' என்ற தகுநிலையையும் அது வழங்குகிறது. இங்கே எங்களுடைய இலங்கை சந்தைப்படுத்தல் நிறுவகம், எல்லோரும் ஸ்லிம் என்று சொல்வது, 1970இல் தொடங்கி 1980இல் பாராளுமன்றச் சட்டத்தால் கூட்டிணைக்கப்பட்டது. உங்கள் மகள் முன் இருக்கும் முக்கியமான இரண்டு வாசல்கள் இவை.

பட்டயத் தகுநிலையில் ஒரு விஷயத்தைப் பலர் கவனிப்பதில்லை. பரீட்சை பாஸ் பண்ணினால் மட்டும் அது வந்துவிடாது. அங்கத்துவமும் வேலை அனுபவமும் வேண்டும். வந்த பிறகும் ஒவ்வொரு வருடமும் என்ன புதிதாகக் கற்றேன் என்று பதிவு காட்டினால்தான் தங்கும். விட்டால் போய்விடும். சான்றிதழைப் பிரேம் போட்டுச் சுவரில் மாட்டிவிட்டுச் சும்மா இருக்க முடியாது.

இனிப் பணத்துக்கு வருவோம். சி.ஐ.எம். படிப்பில் கல்வி நிலையம் சொல்லும் வகுப்புக் கட்டணம் ஒரு பகுதி மட்டுமே. வருடாந்த அங்கத்துவப் பணமும், ஒவ்வொரு பாடத்துக்கும் மதிப்பீட்டுக் கட்டணமும் தனி. இவை பவுணில் கணக்கிடப்படுபவை. 2022இல் ரூபா விழுந்த விதத்தை மறந்திருக்க மாட்டீர்கள். இன்றைய மாற்று வீதத்தில் கணக்குப் போட்டு அதற்கு மேல் கொஞ்சம் ஒதுக்கி வையுங்கள். படிப்பு மட்டம் மட்டமாக ஏறுவது. உயர்தரத்தோடு நேரே 4ஆம் மட்டத்தில் சேரலாமா, 3இலிருந்து தொடங்க வேண்டுமா என்பதை எழுத்தில் கேட்டு வாங்குங்கள். 4க்கு அடுத்தது 6, பிறகு 7. ஒரு பாடத்தில் சித்தியடைந்தாலே அதற்குத் தனிச் சான்றிதழ் உண்டு. அதனால் முழுப் பணத்தையும் ஒரேயடியாகக் கட்டச் சொல்லி நெருக்கினால் ஏன் என்று கேளுங்கள். அந்த நிலையம் அங்கீகாரம் பெற்றதா என்பதை நிலையத்திடமே கேட்பதில் பயனில்லை, நிறுவகத்தின் இணையத்தளத்தில் பாருங்கள்.

பாட மதிப்பீட்டுக்காக எழுதிக் கொடுக்கும் எழுத்துப் பணியில் (அசைன்மென்ட்) தான் நிறையப் பேர் சறுக்குகிறார்கள். ஒரு நிறுவனத்தைத் தெரிவு செய்து, அதற்கு ஏற்ப எழுது என்று கேட்டிருக்கும். பிள்ளைகள் பாடக் குறிப்பை அப்படியே வைத்துவிட்டு நிறுவனத்தின் பெயரை மட்டும் அங்கங்கே செருகுவார்கள். 'மதிப்பிடுக' என்று கேட்ட இடத்தில் 'விளக்கி'விட்டு வருவார்கள். இது ஆங்கிலக் குறைபாட்டால் மட்டும் வருவதென்று நினைக்க வேண்டாம். தெரிவு செய்த நிறுவனத்தின் உள்விவரம் கையில் இல்லாததுதான் பெரும்பாலும் காரணம். அதனால் படிக்கும்போதே சிறிய வேலை ஒன்றில் இருப்பது மிக நல்லது.

கணக்கீடு படித்த பிள்ளை என்பது அவளுக்குப் பெரிய பலம். இந்தத் துறையில் பேச்சுத் திறமை உள்ளவர்களுக்குப் பஞ்சமில்லை, கணக்குத் தெரிந்தவர்களுக்குத்தான் பஞ்சம். ஒன்றைப் பாருங்கள். கடைக்கு 100 ரூபாவுக்குக் கொடுக்கும் பொருள், அடக்கம் 75, இலாபம் 25. மாதம் 1,000 பெட்டி போனால் 25,000 ரூபா. '10 வீதம் கழிவு கொடுப்போம், விற்பனை பிய்த்துக்கொண்டு போகும்' என்று ஒருவர் சொல்கிறார். விலை 90 ஆகும், இலாபம் 15 ஆகும். பழைய 25,000ஐத் தொடவே 1,667 பெட்டி விற்க வேண்டும், அதாவது மூன்றில் இரண்டு பங்கு கூடுதலாக. இந்த நாலு வரியைக் கூட்டத்தில் எழுதிக் காட்டக்கூடியவரின் பேச்சை நிதிப் பிரிவும் காதுகொடுத்துக் கேட்கும். அலுவலகத்துக்குள் மரியாதை அப்படித்தான் வருகிறது.

வெளியே உள்ள மரியாதை வேறு மாதிரி. பொய் விளம்பரமும் அனுமதியில்லாமல் வந்து விழும் எஸ்.எம்.எஸ்.ஸும்தான் இந்தத் தொழிலின் பெயரைக் கெடுத்தவை. மகள் தொடக்கத்திலேயே மூன்று சட்டங்களை அறிந்திருக்கட்டும்: நுகர்வோரைத் தவறாக வழிநடத்துவதைத் தடுக்கும் 2003ஆம் ஆண்டின் 9ஆம் இலக்க நுகர்வோர் அலுவல்கள் அதிகாரசபைச் சட்டம், புகையிலை, மதுபான விளம்பரத்தைத் தடைசெய்யும் 2006ஆம் ஆண்டின் 27ஆம் இலக்கச் சட்டம், தனிப்பட்ட தரவைப் பாதுகாக்கும் 2022ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கச் சட்டம். எங்கிருந்தோ விலைக்கு வாங்கிய தொலைபேசி இலக்கப் பட்டியலை ஒரு முகாமையாளர் நீட்டினால், 'இவர்கள் சம்மதம் தந்தார்களா?' என்று கேட்க அவளுக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

முதல் வேலை பெரும்பாலும் விற்பனைப் பிரிவில்தான் கிடைக்கும், அதை மறுக்க வேண்டாம். ஆனால் நியமனக் கடிதத்தை நீங்களும் ஒருமுறை வாசியுங்கள். ஊழியர் சேமலாப நிதிக்கு அவளிடமிருந்து 8 வீதம், கம்பனி 12 வீதம், ஊழியர் நம்பிக்கை நிதிக்குக் கம்பனி 3 வீதம். கொமிசனும் இந்தக் கணக்கில் சேர வேண்டும். அடிப்படைச் சம்பளத்துக்கு மட்டும் கட்டிவிட்டுத் தப்பும் இடங்கள் உண்டு. கடைக்காரர் கட்டாத கடன் பில்லை ரெப்பின், அதாவது விற்பனைப் பிரதிநிதியின், சம்பளத்தில் வெட்டுவோம் என்று எழுதியிருந்தால் கையெழுத்திட வேண்டாம்.

இன்னொன்று, மாதக் கடைசித் தள்ளல். டார்கெட்டைத் தொட, கடைக்காரர் கேட்காத சரக்கை 'எடுங்கோ அண்ணை, பிறகு திருப்பி எடுக்கிறன்' என்று இறக்கிவிடுவது. அடுத்த மாதம் அந்தக் கடையில் ஓடர் இருக்காது. மூன்றாம் மாதம் காலாவதியான பெட்டிகள் திரும்பி வரும், அந்த நட்டம் யார் தலையில் என்ற சண்டை தொடங்கும். நேர்முகப் பரீட்சையில், 'திரும்பி வரும் சரக்கு டார்கெட்டில் கழிபடுமா?' என்று கேட்கச் சொல்லுங்கள். பதிலிலேயே கம்பனியின் தரம் தெரிந்துவிடும்.

பணம் கட்டுவதற்கு முன் ஒரு சனிக்கிழமையை இதற்குக் கொடுங்கள். பிஸ்கட்டோ தேயிலையோ ஏதாவது ஒரு பொருளை எடுத்துக்கொண்டு வவுனியா நகரில் 20 கடை ஏறி வரட்டும். பொருள் இருக்கிறதா, எந்தத் தட்டில், என்ன விலைக்கு, பக்கத்தில் எந்தப் போட்டிப் பொருள், ரெப் கடைசியாக வந்தது எப்போது. 11 கடையில் இருந்தால் 55 வீதம். ஆனால் இல்லாத 9 கடைகளில் பஸ் நிலையத்துக்குப் பக்கத்துப் பெரிய கடைகள் இரண்டும் அடங்கினால், அந்த 55 ஏமாற்றும் இலக்கம். இதை ஒரே பக்கத்தில் எழுதித் தரச் சொல்லுங்கள். நேர்முகப் பரீட்சைக்குக் கொண்டுபோகவும் அந்தத் தாள் உதவும். ஐந்தாவது கடையிலேயே வெறுத்துப்போய்த் திரும்பி வந்தாளென்றால் கணக்கியலுக்கான ஏ.ஏ.ரி. வகுப்பை விசாரியுங்கள், பதிவுப் பணம் இன்னும் உங்கள் கையில்தான் இருக்கிறது.