பாஸ்பேட் ஏறினால், இறங்கினால்: வடசென்னை வாசகர்களின் கேள்விகளுக்குப் பதில்கள்

நரம்பு பற்றி வரும் கடிதங்களில் பல, "நல்ல டானிக் ஒன்று சொல்லுங்கள்" என்றுதான் முடிகின்றன. அவற்றுக்கெல்லாம் சேர்த்து ஒரே பதிலை இரண்டாவதாகத் தந்திருக்கிறேன். மற்றவை யோசித்துக் கேட்கப்பட்ட கேள்விகள்.

நரம்பணு ஒரு வேதிப்பொருளை வெளியே விடுகிறது, அடுத்த நரம்பணு அதை ஏற்கிறது என்று படித்தோம். புரதத்தில் பாஸ்பேட் ஏறுவதற்கு இங்கே என்ன வேலை?
– பிளஸ் டூ மாணவி, தண்டையார்பேட்டை

பாடத்தில் இருப்பது சரிதான். ஆனால் எவ்வளவு விடுவது, வந்ததை எவ்வளவு கூர்மையாக ஏற்பது என்ற கணக்கு அதில் இல்லை. அந்தக் கணக்கைப் பெரும்பாலும் பாஸ்பேட் பார்த்துக்கொள்கிறது. கைனேஸ் என்னும் நொதிகள், செல்லின் ஆற்றல் மூலக்கூறான ஏடிபியிலிருந்து ஒரு பாஸ்பேட்டை (பாஸ்பரஸும் ஆக்சிஜனும் சேர்ந்த சிறு தொகுதி) எடுத்து, புரதத்தில் உள்ள செரின், திரியோனின், டைரோசின் என்னும் அமினோ அமிலங்களில் ஏதேனும் ஒன்றின் மேல் ஒட்டுகின்றன. எதிர்மின்னூட்டம் கொண்ட அந்தச் சிறு சுமை ஏறியதும் புரதத்தின் வடிவம் மாறுகிறது. பிடித்திருந்ததை விடுகிறது, விட்டதைப் பிடிக்கிறது. பாஸ்படேஸ் நொதிகள் வந்து அதைக் கழற்றிவிட்டால் பழைய நிலை திரும்பும். மனித உடலில் கைனேஸ்கள் மட்டும் 500க்கு மேல் இருக்கின்றன.

காசிமேட்டில் விசைப்படகுகளைக் கயிறு போட்டுக் கட்டி நிறுத்தியிருப்பதைப் பார்த்திருப்பாய். நரம்பணுவின் முனையில், வேதிப்பொருள் நிரம்பிய நுண்பைகளில் ஒரு பகுதி அப்படித்தான் இருப்பில் கட்டிக் கிடக்கிறது. சினாப்சின் என்ற புரதம்தான் கயிறு. மின்துடிப்பு வந்து கால்சியம் உள்ளே புகுந்ததும், கைனேஸ் சினாப்சினில் பாஸ்பேட்டை ஏற்றும், கட்டு அவிழும், பைகள் விளிம்பை நோக்கி நகரும். தொடர்ந்து துடிப்புகள் வரும்போது சரக்கு தீர்ந்துபோகாமல் இருப்பது இதனால்தான்.

செய்தியை ஏற்கும் எதிர்ப்பக்கத்து நரம்பணுவில் இன்னும் சுவையான கதை. அங்கே கால்சியத்தால் விழித்துக்கொள்ளும் கைனேஸ் ஒன்று உண்டு. அது ஏற்பிப் புரதங்களில் பாஸ்பேட்டை ஏற்றி அவற்றின் வழியே அதிக மின்னோட்டம் பாயச் செய்கிறது. போதாததற்குத் தன் மேலேயே, தன் அமினோ அமிலச் சங்கிலியின் 286ஆம் இடத்தில், ஒரு பாஸ்பேட்டை ஒட்டிக்கொள்கிறது. பிறகு கால்சியம் வடிந்துபோனாலும் அது உடனே ஓய்வதில்லை. கணநேரத்தில் வந்துபோன ஒரு சமிக்ஞை தடம் பதிக்கிறது. நினைவு உருவாவதன் முதல் படிகளில் இதுவும் ஒன்று.

சினாப்சினை ஆராய்ந்த பால் கிரீன்கார்டுக்கு 2000ஆம் ஆண்டு நோபல் பரிசு கிடைத்தது. அர்விட் கார்ல்சன், எரிக் காண்டல் இருவரும் அதைப் பகிர்ந்துகொண்டார்கள். தம் பங்குப் பணத்தை, தம்மைப் பெற்றபோதே இறந்துபோன தாயின் பெயரில், பெண் விஞ்ஞானிகளுக்கான விருதாக்கினார் கிரீன்கார்டு. நீ மாணவி என்பதால் இதையும் சொல்லிவைக்கிறேன்.

மகனுக்குப் பரீட்சை வருகிறது. பாஸ்பரஸ் சேர்ந்த ஞாபகசக்தி டானிக் வாங்கித் தரலாமா?
– இல்லத்தரசி, வியாசர்பாடி

வேண்டாம் அம்மா. பருப்பு, பால், மீன், முட்டை ஆகியவற்றில் உடலுக்குத் தேவையான பாஸ்பரஸ் கிடைத்துவிடுகிறது. மூளையில் பாஸ்பேட்டுக்குப் பஞ்சம் இல்லை. எந்தப் புரதத்தில், எப்போது ஏற்றுவது, எப்போது இறக்குவது என்பதுதான் காரியம். அதை எந்தப் பாட்டிலும் தீர்மானிக்காது. அந்தப் பணத்துக்கு மீன் வாங்குங்கள்.

துறைமுகத்தில் இரவு ஷிப்ட்டில் கிரேன் ஓட்டுகிறேன். டீ குடித்துச் சமாளிக்கிறேன். தூங்காவிட்டால் மூளையில் உண்மையில் என்ன ஆகிறது?
– வாசகர், ராயபுரம்

ஜப்பானின் சுகுபா பல்கலைக்கழகத்தில் யானகிசாவா குழுவினர், மிக அதிகமாகத் தூங்கும் எலிகளை ஆராய்ந்து 2016இல் காரணத்தைக் கண்டார்கள்: ஒரு கைனேஸின் மரபணுவில் மாற்றம். 2018இல் அதே குழுவினர் 80 புரதங்களை அடையாளம் காட்டினார்கள். விழித்திருக்க விழித்திருக்க அவற்றில் பாஸ்பேட் ஏறிக்கொண்டே போகிறது, தூங்கினால் இறங்குகிறது. அவற்றில் பெரும்பாலானவை நரம்பணுக்கள் சந்திக்கும் இடத்தில் வேலை செய்பவை.

டீயில் உள்ள காபீன், அடினோசின் என்னும் தூக்கப் பொருளின் ஏற்பியை அடைத்துக்கொள்கிறது. அசதி தெரியாது, ஏறிய பாக்கி அப்படியே இருக்கும். பகலில் இருட்டறையில், போனை அணைத்துவிட்டு, ஒரே மூச்சாகத் தூங்குங்கள். ஷிப்ட்டின் கடைசி மணி நேரங்களில் டீயைத் தவிர்த்தால் அந்தத் தூக்கம் கெடாது.

என் தாயாருக்கு மறதி நோய். "டௌ புரதத்தில் பாஸ்பேட் அதிகம்" என்றார் டாக்டர். அதைக் குறைக்க மாத்திரை இல்லையா?
– ஓய்வுபெற்ற ரயில்வே ஊழியர், பெரம்பூர்

ஐயா, நரம்பணுவுக்குள் சரக்கு போகும் நுண்குழாய்களைத் தாங்கிப் பிடிப்பது டௌ. அளவுக்கு மீறிப் பாஸ்பேட் ஏறினால் அது குழாயை விட்டுக் கழன்று, தமக்குள் சிக்கி முடிச்சாகிவிடும். 1906இல் ஜெர்மன் மருத்துவர் அலோயிஸ் அல்சைமர் விவரித்த முடிச்சுகள் இவைதான். கைனேஸை அடக்கிவிடலாமே என்று தோன்றும். ஆனால் ஒரு கைனேஸ் ஒரே வேலையைச் செய்வதில்லை. அடக்கினால் நல்ல வேலைகளும் நின்றுபோகும். அந்த வழியில் பலன் தரும் மாத்திரை இன்னும் வரவில்லை.

நோயைக் கண்டறிவதில் முன்னேற்றம் உண்டு. 217ஆம் இடத்தில் பாஸ்பேட் ஏறிய டௌவையும், இந்நோயில் மூளையில் படியும் அமிலாய்டு புரதத்தையும் ரத்தத்தில் அளந்து ஒப்பிடும் சோதனைக்கு 2025 மே மாதம் அமெரிக்காவில் அனுமதி கிடைத்தது. உங்கள் தாயாருக்கு அதைவிட அவசரமானது வேறு: வைட்டமின் பி12, தைராய்டு இரண்டையும் பார்த்தாயிற்றா? அவற்றின் குறைவாலும் மறதி வரும், அது சரியாகக்கூடியது.

பூச்சிமருந்துக் கிடங்கில் மூட்டை, டின் தூக்குகிறேன். சில நாள் கண் மங்கி, எச்சில் ஊறி, தசை துடிக்கிறது. நரம்புத் தளர்ச்சியா?
– தொழிலாளி, மணலி

தம்பி, இதைத் தள்ளிப்போடாதீர்கள். குளோர்பைரிபாஸ், மோனோகுரோட்டோபாஸ் போன்ற மருந்துகள் தோல் வழியாகவே உடலுக்குள் போகும். நரம்பு தசைக்குச் செய்தி சொன்ன பிறகு, அந்த அசிட்டைல்கோலினை உடனே சிதைக்க ஒரு நொதி இருக்கிறது. பூச்சிமருந்து அந்த நொதியின் செரின் மீது பாஸ்பரஸ் தொகுதியை ஒட்டிவிடுகிறது. மேலே சொன்ன பாஸ்பேட் போல இதைக் கழற்ற பாஸ்படேஸ் வராது. செய்தி நிற்காமல் ஒலித்துக்கொண்டே இருக்கும்: எச்சில், வியர்வை, சுருங்கிய கண்மணி, தசைத் துடிப்பு, முற்றினால் மூச்சே நிற்கும்.

அறிகுறி தெரிந்தவுடன் உடைகளைக் களைந்து, சோப்புப் போட்டு உடம்பைக் கழுவி, 108ஐ அழையுங்கள். அல்லது அருகில் உள்ள ஸ்டான்லி போன்ற பெரிய மருத்துவமனைக்குப் போங்கள். டின்னின் லேபிளையோ அதன் படத்தையோ எடுத்துச் செல்லுங்கள். உப்புக் கரைசல், புளிக் கரைசல் கொடுத்து வாந்தி எடுக்கவைக்கக் கூடாது. மருத்துவர்கள் அட்ரோபின் தருவார்கள். ஒட்டியதைக் கழற்றும் பிராலிடாக்சிமும் சிலருக்குத் தரப்படும். நேரம் போனால் அந்த ஒட்டு இறுகிவிடும், பிறகு அதனாலும் பயன் இராது. உடல் புதிய நொதியைச் செய்துகொள்ள வாரக்கணக்கில் ஆகும்.

இப்போதைக்குக் கோலினெஸ்டரேஸ் ரத்தப் பரிசோதனை ஒன்று செய்துகொள்ளுங்கள். முடிவு வரும்வரை அந்தச் சரக்கைத் தொடவே வேண்டாம். புதிதாக வேலைக்குச் சேருபவர்களை முதல் நாளே இந்தப் பரிசோதனையைச் செய்துவைக்கச் சொல்லுங்கள். இந்த நொதியின் அளவு ஆளுக்கு ஆள் மாறும் என்பதால், பின்னால் சந்தேகம் வந்தால் ஒப்பிட அவரவர் பழைய அளவுதான் உதவும்.