பொதுப் பன்னாட்டுச் சட்டம் படிக்கும் மாணவர்கள் கட்டாயம் தெரிந்துகொள்ள வேண்டிய அடிப்படைக் கருத்துகள் என்னென்ன?

இந்தப் பருவத்தில் தாள் இருக்கிறது, கையேட்டைப் புரட்டிக்கொண்டிருக்கிறீர்கள் என்று நினைக்கிறேன். முதலில் வருவது பன்னாட்டு நீதிமன்றச் சட்டவிதியின் 38-வது பிரிவு: உடன்படிக்கை, வழக்காறு (சட்டம் என்றே ஏற்று நாடுகள் தொடர்ந்து கடைப்பிடிக்கும் நடைமுறை), பொதுச் சட்டக் கோட்பாடுகள், துணைக்குத் தீர்ப்புகளும் அறிஞர் நூல்களும். அரை மணி நேரத்தில் மனப்பாடம் ஆகிவிடும். நான் சொல்ல வந்தது வேறு. எந்தத் தண்ணீர், எந்த ஒப்பந்தம், யார்மேல் யார் எங்கே வழக்குப் போட முடியும்? இதைக் கேட்காமல் பன்னாட்டுச் சட்டம் பேசுகிறவர்களை நம்பாதீர்கள்.

நான் தங்கச்சிமடம். அப்பா விசைப்படகில் கடலுக்குப் போகிறவர். நான் சட்டம் படித்துக்கொண்டிருந்தபோது, எல்லை தாண்டியதாகச் சொல்லிப் படகையும் ஆட்களையும் பிடித்து அக்கரைக்கு, இலங்கைக்கு, கொண்டுபோய்விட்டார்கள். ஊரில் கூட்டம் போட்டார்கள். வெளியூரிலிருந்து வந்த பேச்சாளர் ஒருவர், "1982 ஐ.நா. கடல் சட்ட உடன்படிக்கை, 73-வது பிரிவு! மீனவனைச் சிறையில் போடவே கூடாது" என்று முழங்கினார். ஒரே கைதட்டல். அம்மா என் பக்கம் திரும்பி, "அப்ப இந்த வாரமே விட்டுருவாகளா தாயி?" என்று கேட்டார்.

பிரிவு இருப்பது உண்மை. ஆனால் அது பேசுவது பிரத்யேகப் பொருளாதார மண்டலத்தைப் பற்றி மட்டும். கரையிலிருந்து 12 கடல் மைல் வரை ஆட்புலக் கடல், அதாவது அந்த நாட்டின் ஆட்சிக்கு உட்பட்ட கடல். அதற்கப்பால், கரையிலிருந்து 200 கடல் மைல் வரைதான் அந்த மண்டலம்; அங்கே மீன்வளத்தின் மேல்தான் அந்த நாட்டுக்கு உரிமை. எங்கள் கடலோ குறுகல். தனுஷ்கோடிக்கும் தலைமன்னாருக்கும் நடுவே சுமார் 30 கிலோமீட்டர்தான்; இரு பக்க ஆட்புலக் கடலுமே முட்டிக்கொள்ளும். 1974 இந்திய இலங்கை ஒப்பந்தம் அந்தப் பரப்பை வரலாற்று நீர்ப்பரப்பு (நெடுங்காலமாக அந்த நாடுகளுக்கே உரியதாகக் கருதப்படும் நீர்) என்று சொல்லியே கோடு போட்டது. 73-வது பிரிவு அங்கே எட்டாது.

எழுந்து சொன்னேன். "நீ யாரு பக்கம் பேசுற?" என்று சொந்தக்காரர்களே கேட்டார்கள். இதைப் படிக்கும் சிலரும் கேட்பீர்கள். நான் என் அப்பா பக்கம். தப்பான பிரிவைப் போட்டு மனு எழுதினால் வீணாவது உள்ளே இருப்பவருடைய நாள்கள்.

உண்மையில் எங்களுக்குக் கை கொடுத்தது 1963 வியன்னா தூதரக உறவு உடன்படிக்கையின் 36-வது பிரிவு. வெளிநாட்டவர் கைதானால் தன் நாட்டுத் தூதரகத்தோடு பேசும் உரிமையைத் தாமதமின்றி அவருக்குச் சொல்ல வேண்டும். தூதரக அதிகாரி நேரில் பார்க்கலாம், வக்கீல் ஏற்பாடு செய்யலாம். பாகிஸ்தானில் கைதான இந்தியர் குல்பூஷண் ஜாதவ் வழக்கில், 2019-இல் பாகிஸ்தான் மீறியதாகப் பன்னாட்டு நீதிமன்றம் சொன்னதும் இதைத்தான். அப்பாவுக்குச் சர்க்கரை நோய், மாத்திரை தவறக் கூடாது என்று இந்தப் பிரிவைக் குறிப்பிட்டு நானே மனு எழுதினேன். அதிகாரி போய்ப் பார்த்தார், மாத்திரை போய்ச் சேர்ந்தது. பிறகு ஒத்திவைத்த தண்டனையோடு அப்பா வீடு வந்தார். படகு வரவில்லை.

அடுத்தது, ஒப்பந்தம் கட்டுப்படுத்தும் என்ற கோட்பாடு. 1974 ஒப்பந்தத்தின் 5-வது பிரிவு, நம் மீனவர்களும் யாத்திரிகர்களும் விசா இல்லாமல் கச்சத்தீவுக்குப் போய்வரலாம் என்கிறது. 1976-இல் இரு அரசுகளும் மாற்றிக்கொண்ட கடிதங்களோ, வெளிப்படையான அனுமதி இல்லாமல் ஒருவர் கடலில் மற்றவர் மீன் பிடிக்கக் கூடாது என்கின்றன. மேடையில் முதலாவதை மட்டும் படிக்கிறார்கள். "காலம் மாறிவிட்டது, ஒப்பந்தத்தைக் கிழிப்போம்" என்பவர்களுக்கு ஒப்பந்தங்கள் பற்றிய 1969 வியன்னா உடன்படிக்கையின் 62-வது பிரிவைக் காட்டுங்கள்: சூழ்நிலை மாறியதைக் காரணம் காட்டி எல்லை ஒப்பந்தத்திலிருந்து விலக முடியாது. இந்தியா அந்த உடன்படிக்கையில் சேரவில்லையே என்று ஒருவர் வருவார். ஒப்பந்தத்தை மதிக்க வேண்டும் என்பது வழக்காறாகவே கட்டுப்படுத்தும்.

"ஹேக் கோர்ட்டுக்குப் போவோம்" என்று பன்னாட்டு நீதிமன்றத்தைச் சொல்வதும் அப்படித்தான். அங்கே நாடுகள் மட்டுமே வழக்காட முடியும், அதுவும் சம்மதத்தோடு. காமன்வெல்த் நாடுகளுடனான தகராறுகளை அந்த நீதிமன்றத்தின் அதிகாரத்தை ஏற்கும் தன் அறிவிப்பில் இந்தியாவே விலக்கி வைத்திருக்கிறது. இலங்கை காமன்வெல்த் நாடு.

வாதாட இடமே இல்லையா? இருக்கிறது. பிலிப்பைன்ஸ் சீனாமேல் போட்ட வழக்கில் வந்த 2016 தென்சீனக் கடல் தீர்ப்பு, ஆட்புலக் கடலில் பாரம்பரிய மீன்பிடி உரிமை தொடரும் என்றது. நம் இரு நாடுகளையும் அது கட்டுப்படுத்தாது, துணைச் சான்றுதான். அதுவும் பாரம்பரிய முறையில் சிறு அளவில் மீன் பிடிப்பவர்களுக்கே. நாட்டுப்படகுக்காரர் அதைக் கேட்கலாம். இழுவைமடி போடுகிற படகு கேட்க முடியாது என்றுதான் நினைக்கிறேன். விசைப்படகுக்காரர் மகள் இதைச் சொல்வது லேசு இல்லை. ஆனால் அந்தப் பக்கம் அறுபடுவதும் தமிழ் மீனவர் வலைதான்.

கேட்காத ஒன்றையும் சொல்லிவிடுகிறேன். இந்த மனுவுக்காக ஓர் அலுவலகம் போனபோது அங்கிருந்தவர், "தண்ணியில்லாக் காட்டுக்கு மாத்திட்டாங்க" என்று என்னிடமே புலம்பினார். எங்கள் மாவட்டத்தைத் தண்டனையாக நினைத்து வருகிறவரிடம் நாங்கள் எதைக் கேட்டு வாங்குவது? இது இன்றும் ஆறவில்லை.

1974 ஒப்பந்தத்தில் எட்டுப் பிரிவுகள்தான். அதையும் 1976 கடிதங்களையும் தமிழில் பெயர்த்து வைத்திருக்கிறேன். வேண்டுமென்றால் கேளுங்கள், அனுப்புகிறேன்.