பக்கத்து வளவின் காய்ந்த பற்றைகள்

கேள்வி: எங்கள் வீட்டை ஒட்டிய வளவின் உரிமையாளர் வெளிநாட்டில் இருக்கிறார். அங்கே புல்லும் வடலிகளும் (இளம் பனைகள்) மண்டிக் காய்ந்து, எங்கள் கிடுகு வேலி வரை வந்துவிட்டன. நாங்களே தீ வைத்து அழித்துவிடலாமா? (வாசகி, கொக்குவில், யாழ்ப்பாணம்)

பதில்: தயவுசெய்து தீ வைக்க வேண்டாம். சோளகக் காற்று (தென்மேற்குப் பருவக்காற்று) வீசும் காலத்தில் புல்லில் பற்றும் நெருப்பு, வடலியில் நிலம்வரை தொங்கும் காவோலைகளை, அதாவது காய்ந்த பனையோலைகளை, பிடித்து ஏணியில் ஏறுவதுபோல் உச்சிக்குச் சென்றுவிடும்; அங்கிருந்து பறக்கும் பொறிகள் தொலைவிலுள்ள கூரையிலும் விழலாம். போர்க்காலத்திலிருந்து பராமரிப்பின்றிக் கிடக்கும் வளவாயின், மண்ணுள் வெடிபொருள் இருக்கக்கூடும் என்பதையும் மறக்கலாகாது. ஐயத்துக்குரிய பொருள் எதையும் தொடாமல் காவல்துறைக்கு அறிவியுங்கள்.

உரிமையாளரின் உறவினர் மூலம் சம்மதம் பெற்று, புல்லை அடியோடு வெட்டி, காவோலைகளைக் கழித்துவிடுங்கள். சம்மதம் கிடைக்காவிட்டால் கிராம அலுவலரிடமோ பிரதேச சபையிடமோ எழுத்தில் முறையிடுங்கள். கலிபோர்னியாவில் காட்டுத்தீ அபாயமுள்ள பகுதிகளில் வீட்டைச் சுற்றி 100 அடிவரை துப்புரவு செய்யச் சட்டமே உண்டு. நம் சிறிய காணிகளில் அது இயலாது. ஆனால் சுவரை ஒட்டிய முதல் 5 அடியில் விறகு, பன்னாடை, சருகு எதுவும் இல்லாதிருப்பதே மிக முக்கியம் என்பேன். கிடுகு வேலி சுவரைத் தொடும் இடத்தில் மட்டுமாவது தகரமோ மதிலோ அமையுங்கள்.

கழித்த ஓலைகளை எரிக்காமல், நம் முன்னோர் செய்ததுபோலத் தோட்டத்து மண்ணில் புதைத்துத் தாழ்த்துவிடுங்கள்; மண்ணும் ஈரம் காக்கும். தீப்பிடித்தால் அழைக்கவேண்டிய எண் 110.