கண்ணாடி இறங்கவில்லை: பார்ட்ஸ் விற்றவர் மீதா, மாட்டியவர் மீதா வழக்கு?

கேள்வி: என்னிடம் 2007 மாடல் போர்ஷே பாக்ஸ்டர் இருக்கிறது. செகண்ட் ஹேண்டில் வாங்கியது. டிரைவர் பக்கக் கதவின் வெளிக் கைப்பிடி உடைந்துவிட்டது. ஆன்லைனில் டெல்லி வியாபாரி ஒருவரிடம் ‘ஒரிஜினல், இந்த மாடலுக்கு அப்படியே பொருந்தும்’ என்று போட்டிருந்ததை நம்பி ரூ.18,500 கொடுத்து வாங்கினேன். இங்கே கோவையில் ஒரு ஒர்க்‌ஷாப்பில் ரூ.3,500 கூலிக்கு மாட்டினார்கள். இந்தக் காரில் கைப்பிடியை இழுத்தால் கண்ணாடி கொஞ்சம் கீழே இறங்கி, அதன்பிறகுதான் கதவு திறக்க வேண்டும். இப்போது கண்ணாடி இறங்குவதே இல்லை. ஒரு வாரம் அப்படியே ஓட்டினேன். மேலே இருக்கும் ரப்பர் பீடிங் கிழிந்துவிட்டது. மெக்கானிக் ‘பார்ட்ஸ் டூப்ளிகேட்’ என்கிறார். வியாபாரி ‘மாட்டத் தெரியாதவன் மாட்டியிருக்கிறான், 7 நாள் ரிட்டர்ன் முடிந்தது, வழக்கு என்றால் டெல்லிக்கு வா, பழைய வண்டிக்கு வாரண்டி எல்லாம் கிடையாது’ என்கிறார். பார்சல் வந்த 12-ஆம் நாளே வாட்ஸ்அப்பில் புகார் சொல்லிவிட்டேன். நான் யார் மீது வழக்குப் போடுவது?

- வாசகர், கோவை

பதில்: யார் மீது என்று கேட்கிறீர்கள். எதில் கோளாறு என்பது உங்களுக்கே இன்னும் தெரியவில்லை. இந்த நிலையில் நோட்டீஸ் அனுப்பினால் இருவரும் ஒருவரையொருவர் கைகாட்டிக்கொண்டே இரண்டு வருடத்தை ஓட்டிவிடுவார்கள். அதனால் சட்டத்துக்கு முன்னால் கதவைப் பார்த்துவிடுவோம். நான் மெக்கானிக் இல்லை. உங்கள் கடிதத்தை எடுத்துக்கொண்டு போய், இந்த மாதிரி வண்டிகளில் கை வைத்துப் பழகிய ஒருவரிடம் அரை மணி நேரம் உட்கார்ந்து கேட்டுவிட்டு வந்து எழுதுகிறேன்.

இந்தக் கதவில் கண்ணாடியைச் சுற்றி ஃபிரேம் கிடையாது. கண்ணாடி நேராகப் போய் மேலே உள்ள ரப்பருக்குள் உட்காருகிறது. அதனால்தான் கைப்பிடியை இழுத்ததும் ஒரு சின்ன மைக்ரோ ஸ்விட்ச் தகவல் கொடுத்து, கண்ணாடி சுமார் ஒரு சென்டிமீட்டர் இறங்குகிறது. அது இறங்காவிட்டால் ஒவ்வொரு முறை திறக்கும்போதும் கண்ணாடி ரப்பரைப் பிய்த்துக்கொண்டுதான் வெளியே வரும்.

நீங்கள் எழுதாமல் விட்ட ஒரு விஷயம் இருக்கிறது. உள்ளே உட்கார்ந்து உள்பக்கக் கைப்பிடியை இழுத்தால் கண்ணாடி இறங்குகிறதா? இறங்கினால் மோட்டாரும் ஃபியூசும் நன்றாக இருக்கின்றன, கோளாறு வெளிக் கைப்பிடி பக்கம்தான். இரண்டிலுமே இறங்கவில்லை என்றால் உங்கள் 18,500 ரூபாய் பார்ட்ஸில் ஒரு குறையும் இல்லாமல் இருக்கலாம். இந்தக் கதவில் ஏர்பேக் இருப்பதால், டோர் பேடை, அதாவது கதவின் உள்பக்க மூடியை, கழற்றும் முன் பாட்டரி இணைப்பை எடுத்துவிடுவார்கள். திரும்ப இணைத்ததும், கண்ணாடி எதுவரை ஏற வேண்டும் என்பதை வண்டி மறந்திருக்கும். கண்ணாடியை முழுதாக ஏற்றி, ஸ்விட்சை மறுபடி மேல்நோக்கி அழுத்திச் சில வினாடி பிடித்தால் நினைவுக்கு வந்துவிடும். ஒரு பைசா செலவில்லை. இதைச் செய்து பார்க்காமல் நோட்டீஸ் அனுப்பிவிட்டு, பிறகு நுகர்வோர் ஆணையத்தின் முன் அசடு வழிந்த கட்சிக்காரர்களை நான் பார்த்திருக்கிறேன். அவர்களுடையது கார் இல்லை, வாஷிங் மெஷின்.

அதிலும் சரியாகவில்லையா? இப்போது மாட்டிய ஒர்க்‌ஷாப்புக்குப் போகாதீர்கள். வேறொரு மெக்கானிக்கிடம் போய், டோர் பேடைத் திறப்பதிலிருந்து வீடியோ எடுங்கள். முதலில் ஒயர் பிளக் சரியாக உட்கார்ந்திருக்கிறதா, ஒயர் எங்காவது நசுங்கியிருக்கிறதா என்று பார்க்கச் சொல்லுங்கள். பிறகு மின் இணைப்பைச் சோதிக்கும் மல்டிமீட்டரை ஸ்விட்சில் வைத்துக் கைப்பிடியை இழுக்க வேண்டும். ஒவ்வொரு இழுப்புக்கும் மீட்டர் ‘பீப்’ என்றால் ஸ்விட்ச் நல்லது, குற்றம் பெரும்பாலும் மாட்டியவருடையது. எவ்வளவு இழுத்தும் மீட்டர் வாய் திறக்கவில்லை என்றால், அந்த ஸ்விட்ச் புதுக் கைப்பிடியோடு வந்ததா, பழையதிலிருந்து கழற்றிப் போட்டதா என்று கேளுங்கள். பழையது என்றால் வியாபாரி தப்பித்தார். கைப்பிடியோடு வந்தது என்றால் வியாபாரி சிக்கினார். பார்த்தவர் தன் லெட்டர்பேடில் நாலு வரி எழுதிக் கையெழுத்துப் போட்டுத் தரட்டும். சால்டரிங் வைத்துச் சரிசெய்துவிடலாம் என்று அவர் சொன்னால் வேண்டாம் என்று சொல்லுங்கள். சரிசெய்த பார்ட்ஸை வைத்துக்கொண்டு குறையை நிரூபிக்க முடியாது.

இனி சட்டம். 2019-ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின் பிரிவு 2(10) பொருளின் ‘குறைபாடு’ என்ன என்று சொல்லும்போது, சட்டமோ ஒப்பந்தமோ எதிர்பார்க்கும் தரத்தோடு நிற்காமல், வியாபாரி தானே சொல்லிக்கொண்ட தரத்தையும் அளவுகோலாக வைக்கிறது. ‘ஒரிஜினல்’, ‘அப்படியே பொருந்தும்’ என்ற அந்த இரண்டு சொற்கள்தான் உங்கள் வழக்கின் உயிர். அந்தப் பக்கத்தை இன்றே ஸ்கிரீன்ஷாட் எடுங்கள், நாளை அது அங்கே இருக்காது. பார்ட்ஸ் வந்த கவர், அதிலுள்ள பார்ட் நம்பர், இன்வாய்ஸ் எதையும் தூக்கி எறியாதீர்கள்.

வண்டி பழையது என்ற பேச்சுக்குப் பதில் சொல்லவே தேவையில்லை. கார் 2007-இல் பிறந்திருக்கலாம், கைப்பிடியைப் புதுசு என்றுதானே விற்றார்? ‘யூஸ்டு பார்ட்ஸ்’ என்று சொல்லி விற்றிருந்தால் அது வேறு கதை.

7 நாள் விவகாரத்தில் கொஞ்சம் நிதானம் வேண்டும். குறையுள்ள பொருளைத் திரும்ப வாங்க மறுப்பது பிரிவு 2(47)-இன்படி நேர்மையற்ற வணிக நடைமுறை. அதற்கான காலம் பில்லில் குறிப்பிட்டது, பில்லில் ஒன்றும் இல்லை என்றால் 30 நாள். ஆகவே அந்த ‘7 நாள்’ உங்கள் இன்வாய்ஸில் இருக்கிறதா, இணையதளத்தின் ஏதோ மூலையில் மட்டும் இருக்கிறதா என்று பாருங்கள். இன்வாய்ஸில் இல்லை என்றால் 12-ஆம் நாள் புகார் தாராளமாக உள்ளே வருகிறது. இருந்தால் இந்த ஒரு வாதம் பலவீனமாகும், அவ்வளவுதான். குறையுள்ள பொருளுக்குப் பணத்தைத் திரும்பக் கேட்கும் உரிமை தனியாக நிற்கிறது, அதற்குப் பிரிவு 69 இரண்டு வருடம் தருகிறது. தவிர, 2020-ஆம் ஆண்டு இ-காமர்ஸ் விதிகள், விளம்பரத்தில் சொன்ன தன்மை இல்லாத பொருளை விற்பனையாளர் திரும்ப வாங்க மறுக்கக் கூடாது என்று நேரடியாகவே சொல்கின்றன. நீங்கள் வாங்கிய தளத்தின் குறைதீர் அலுவலருக்கு எழுதுங்கள். 48 மணி நேரத்தில் புகார் கிடைத்தது என்று சொல்லவும், ஒரு மாதத்தில் தீர்க்கவும் அவர் கடமைப்பட்டவர். வியாபாரியின் முழு முகவரியையும் எழுத்தில் கேட்டு வாங்குங்கள், கொடுத்தாக வேண்டும்.

டெல்லிக்குப் போக வேண்டாம். பிரிவு 34-இன்படி நீங்கள் குடியிருக்கும் மாவட்டத்தின் ஆணையத்திலேயே, அதாவது கோவையிலேயே, புகார் கொடுக்கலாம். ‘வழக்கு டெல்லியில்தான்’ என்று இன்வாய்ஸின் பின்பக்கம் பொடி எழுத்தில் ஒரு வரி அச்சடித்திருந்தாலும், அது நாடாளுமன்றம் கொடுத்த உரிமையைப் பறித்துவிடாது என்றுதான் நான் வாதாடுவேன்.

மெக்கானிக்கிடம் வருவோம். ‘பார்ட்ஸ் நீங்க கொண்டு வந்தது, அதுக்கு நான் பொறுப்பில்லை’ என்பார். பார்ட்ஸுக்குப் பொறுப்பில்லைதான். வேலைக்குப் பொறுப்பு உண்டு. கண்ணாடி இறங்குகிறதா என்று ஒருமுறை இழுத்துப் பார்க்காமல் சாவியைக் கையில் கொடுத்தாரே, பிரிவு 2(11) சொல்லும் சேவைக் குறைபாட்டுக்கு அதைவிட என்ன வேண்டும்? பார்ட்ஸில் குறை என்றாலும் இந்த ஒரு விஷயத்தில் அவர் சிக்குகிறார். பில் தராமல் விட்டிருந்தால் அதுவும் அதே 2(47)-இல் வரும். ஜிபே ரசீது இருக்கும், தேடுங்கள்.

உங்களிடமும் ஒரு ஓட்டை இருக்கிறது. கண்ணாடி உரசுகிறது என்று தெரிந்தும் ஒரு வாரம் ஓட்டியிருக்கிறீர்கள். தவிர்க்கக்கூடிய நஷ்டத்தைத் தவிர்த்தீர்களா என்று ஒப்பந்தச் சட்டம் பிரிவு 73-இன் விளக்கம் கேட்கும். பீடிங்குக்கு முழுத் தொகை கிடைக்காமல் போகலாம். இனிமேலாவது, திறக்கும் முன் கண்ணாடியைப் பாதி இறக்கிவிட்டே திறங்கள், நிறுத்தும்போதும் இறக்கியே வையுங்கள்.

சோதனையில் எது தெரிந்தாலும் இருவரையும் எதிர்த்தரப்பாகச் சேர்த்துவிடுங்கள். ஒருவரை மட்டும் சேர்த்தால், வராத ஆள் மீது பழியைப் போட்டுவிட்டு வந்தவர் போய்விடுவார். அதற்கு முன் ஒரு நோட்டீஸ். சட்டம் கட்டாயமாக்கவில்லை, ஆனால் பாதி பேர் அதிலேயே வழிக்கு வருவார்கள். வக்கீல் நோட்டீஸாக இருக்க வேண்டியதில்லை. இன்ன தேதி வாங்கினேன், இப்படி விளம்பரம் செய்தீர்கள், இன்ன தேதி புகார் சொன்னேன், சோதனையில் இது தெரிந்தது, 15 நாளில் ரூ.18,500 வேண்டும் என்று ஐந்தே வரி, ஸ்பீட் போஸ்டில். டெல்லிக்காரருக்கு ஆங்கிலத்தில் அனுப்புங்கள்.

பணம் வராவிட்டால் நுகர்வோர் ஆணையங்களின் இ-ஜாக்ரிதி இணையதளத்தில் நீங்களே புகாரைப் பதியலாம். கொடுத்த விலை 5 லட்சம் வரை என்றால் கட்டணம் கிடையாது. முதலில் பேசிப் பார்க்க 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணும் இருக்கிறது. எதிர்த்தரப்பு பதில் போட 30 நாள், ஆணையம் நீட்டித்தால் இன்னும் 15. அதற்கு மேல் ஒரு நாள் கூடக் கிடையாது என்று 2020-இல் உச்ச நீதிமன்ற அரசியல் சாசன அமர்வே சொல்லிவிட்டது. மூன்று மாதத்தில் முடிக்க வேண்டும் என்று சட்டத்தில் இருக்கிறது. அதை நம்பிக் காலண்டரில் குறித்துவைக்காதீர்கள்.

தொகை விஷயத்தில் அடக்கி வாசியுங்கள். பார்ட்ஸ் விலை, கூலி, பீடிங்குக்கு வாங்கிய கொட்டேஷன், அலைச்சலுக்கு ஒரு நியாயமான தொகை, போதும். கைப்பிடிக்காக மன உளைச்சல் ஐந்து லட்சம் என்று எழுதினால் ஆணையம் முதல் பக்கத்திலேயே புருவத்தை உயர்த்தும்.

நீங்கள் கார் வாங்கி விற்கும் தொழில் செய்பவராக இருந்தால் மட்டும் இந்தப் பதிலில் பாதி செல்லாது. வணிக நோக்கத்துக்கு வாங்கியவர் இந்தச் சட்டத்தில் நுகர்வோர் இல்லை. சொந்தக் கார் என்றால் கவலை வேண்டாம்.

உடைந்த பழைய கைப்பிடி எங்கே? கடிதத்தில் அதைப் பற்றிப் பேச்சே இல்லை. ஒர்க்‌ஷாப்பில்தான் கிடக்கிறது என்றால் இன்றைக்கே போய் வாங்கிவந்துவிடுங்கள். புதியதையும் அதையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் போட்டோ எடுத்தால், ஸ்விட்ச் எதில் இருக்கிறது, எதில் இல்லை என்பதை ஆணையத்துக்கு நான் விளக்க வேண்டியிருக்காது.