காகிதக் கப் இல்லாத தெருவிழா: வாசகர் கேள்வி – பதில்

பொங்கலையொட்டித் தங்கள் பகுதியில் கட்டணமில்லாத விழா ஒன்றை, கலையும் சூழல் அக்கறையும் சேர்ந்ததாக நடத்த விரும்பும் சென்னை வாசகர்கள் பலர் எழுதியிருக்கிறார்கள். அவற்றுள் சில கேள்விகளுக்கு இந்த இதழில் பதில் எழுதியுள்ளேன்.

கேள்வி: எங்கள் குடியிருப்போர் நலச் சங்கம் பொங்கலுக்கு அடுத்த ஞாயிற்றுக்கிழமை ஒரு நாள் விழா நடத்தவிருக்கிறது. நாட்டுப்புறக் கலை, கைவினை, மாடித்தோட்டம் எல்லாம் உண்டு. "இலவசம் என்றால் மதிப்பிருக்காது, தலைக்கு ஐம்பது ரூபாயாவது வாங்குங்கள்" என்கிறார்கள் சிலர். தங்கள் கருத்து என்ன? – ஒரு வாசகர், பெரம்பூர்

வாங்க வேண்டாம் என்பதே என் உறுதியான கருத்து. நான்கு பேர் உள்ள குடும்பத்துக்கு அது இருநூறு ரூபாய். அடுத்த தெருவில் இஸ்திரி வண்டி வைத்திருப்பவரும், உங்கள் வீடுகளில் வேலை செய்யும் பெண்களும் வாசலில் மேசை போட்டுச் சீட்டுக் கிழிப்பதைப் பார்த்ததுமே, இது நமக்கானதன்று என்று திரும்பிவிடுவார்கள். ஒரு பொருளை வீணாக்காமல் கடைசிவரை பயன்படுத்தத் தெரிந்தவர்கள் பெரும்பாலும் அவர்கள்தாம். அவர்களை வெளியே நிறுத்திவிட்டு உள்ளே சிக்கன வாழ்வைப் பற்றிப் பேசுவது சரியாகாது.

சென்னைக்கு இது புதிதுமன்று. 2007-இல் தொடங்கிய சென்னை சங்கமம், நாட்டுப்புறக் கலைஞர்களைப் பூங்காக்களுக்கும் தெருக்களுக்கும் அழைத்து வந்தது. இடையில் நின்றுபோய், 2023 முதல் 'நம்ம ஊரு திருவிழா'வாக மீண்டும் நடந்து வருகிறது. 2015-இல் பெசன்ட் நகரை ஒட்டிய ஊரூர் ஆல்காட் குப்பத்தில், பாடகர் டி.எம். கிருஷ்ணாவும் சூழலியல் செயல்பாட்டாளர் நித்யானந்த் ஜெயராமனும் நண்பர்களுடன் சேர்ந்து தொடங்கிய விழாவில், கர்நாடக இசையும் பறையாட்டமும் மீனவர் குடியிருப்பிலேயே நடந்தன. சபாவுக்குப் பழகியவர்கள் குப்பத்தைத் தேடி வந்து கேட்டார்கள். சீட்டு விற்றிருந்தால் அந்த விழாவின் பொருளே மாறிப்போயிருக்கும்.

செலவை உறுப்பினர் நன்கொடையிலும், வாசலில் வைக்கும் ஓர் உண்டியலிலும் சமாளிக்கப் பாருங்கள். பாட்டில் குளிர்பானமும் பாக்கெட் தின்பண்டமும் விற்பவர்களிடம் விளம்பரப் பணம் வாங்காதீர்கள். பணத்தோடு அவர்களுடைய பிளாஸ்டிக் தோரணமும் உள்ளே வந்துவிடும். அழைப்பிதழில் வண்டி நிறுத்துமிடத்தைக் குறிப்பிடுவதைவிட அருகிலுள்ள பேருந்து நிறுத்தத்தையும் தட எண்களையும் குறிப்பிடுங்கள். சாதாரணக் கட்டணப் பேருந்துகளில் பெண்களுக்கு 2021 மே மாதம் முதல் கட்டணமில்லை என்பதால், அவர்கள் வந்து போகவும் செலவிராது.

கேள்வி: நாங்கள் பிளாஸ்டிக் கப்பை அறவே தவிர்த்துக் காகிதக் கப்பும், வருபவர்களுக்கெல்லாம் விழாவின் பெயர் அச்சிட்ட துணிப்பையும் தரப்போகிறோம். இது போதுமா? – ஒரு வாசகி, அசோக் நகர்

உங்கள் நல்லெண்ணத்தைக் குறை சொல்ல மாட்டேன். ஆனால் இரண்டையும் ஒருமுறை கையில் எடுத்துப் பாருங்கள். காகிதக் கப்பின் உட்புறத்தை நகத்தால் சுரண்டினால் மெல்லிய படலம் ஒன்று உரிந்து வரும். தேநீர் ஊறிக் கசியாமல் தாங்குவது அந்த பிளாஸ்டிக் பூச்சுதான். அது இருப்பதால் கப் எருக்குழியில் முழுதாக மட்காது, பழைய காகிதம் வாங்குபவரும் எடுக்க மாட்டார். கடையில் மலிவாகக் கிடைக்கும் 'துணிப்பை'யும் பலவேளைகளில் துணியன்று. நெய்யாமல் அழுத்திச் செய்த பிளாஸ்டிக் இழைதான். ஓரத்தில் ஒரு நூலை உருவிப் பாருங்கள். நூல் வராவிட்டால் அது துணியில்லை. தமிழ்நாட்டில் 2019 ஜனவரி 1 முதல் தடை செய்யப்பட்ட 14 வகைப் பொருள்களில், பிளாஸ்டிக் பூசிய காகிதக் கப்பும், இந்த நெய்யாத பையும், பிளாஸ்டிக் கொடியும் அடங்கும் என்பது பலருக்குத் தெரிவதில்லை.

சில ஆண்டுகளுக்கு முன் ஒரு தெருவிழாவில் நானும் தொண்டராக இருந்தேன். அங்கும் காகிதக் கப்தான். இரவு பத்து மணிக்கு மேடையைப் பிரித்துக்கொண்டிருந்தபோது, தூய்மைப் பணியாளரான ஓர் அம்மா தெருவிளக்கின் கீழே குந்தி உட்கார்ந்து, ஒன்றுக்குள் ஒன்றாகச் சிக்கியிருந்த கப்புகளைப் பிரித்துக்கொண்டிருந்தார். ஒவ்வொன்றிலும் அடியில் கொஞ்சம் தேநீர் மிச்சமிருந்தது. அது அவர் முழங்கை வரை வழிந்து, முந்தானையை நனைத்தது. அன்று பகலில் அதே இடத்தில்தான் குப்பையைக் குறைப்பது பற்றி நாங்கள் பேசியிருந்தோம். அந்தக் காட்சி இன்றுவரை என்னை உறுத்துகிறது.

அடுத்த ஆண்டு பாத்திர வாடகைக் கடையிலிருந்து எவர்சில்வர் டம்ளர்களை எடுத்தோம். ஒருவர் குடித்து முடித்ததும் கழுவி அடுத்தவருக்குத் தருவதால், வருகிற ஆள்களின் எண்ணிக்கைக்குச் சமமாக டம்ளர் வேண்டியதில்லை. பாதிக்கும் குறைவாகவே போதும். சுண்டலுக்கும் பொங்கலுக்கும் மந்தார இலைத் தொன்னையோ வாழை இலைத் துண்டோ வைத்துக்கொள்ளலாம். பாக்குமட்டைத் தட்டு நல்லதுதான். ஆனால் ஒரு கரண்டிச் சுண்டலுக்கு அவ்வளவு கெட்டியான தட்டு எதற்கு என்று எனக்குத் தோன்றும். பைக்கு மாற்று வேண்டுமானால், அரசு 2021 டிசம்பரில் தொடங்கிய 'மீண்டும் மஞ்சப்பை' இயக்கத்தின் வழியில் பருத்திப் பையைக் கொடுக்கலாம். அதைவிட, வீட்டிலுள்ள பையை எடுத்துவரச் சொல்வது மேல்.

ஒன்றை மறக்க வேண்டாம். நூறு பேருக்கு மேல் கூடும் நிகழ்ச்சியை, அதற்கென உரிமம் பெறாத இடத்தில் நடத்துவோர் மூன்று வேலை நாள்களுக்கு முன்பே உள்ளாட்சி அமைப்புக்குத் தெரிவித்து, குப்பையைத் தரம் பிரித்தே ஒப்படைக்க வேண்டும் என்று 2016-ஆம் ஆண்டின் திடக்கழிவு மேலாண்மை விதிகளே கூறிவிட்டன. தொட்டிகளை வைத்தால் மட்டும் மக்கள் பிரித்துப் போட மாட்டார்கள். ஒவ்வொரு தொட்டியருகிலும் ஒரு தொண்டரை நிறுத்துங்கள். பிரிக்காத குப்பை கொடுங்கையூர்க் கிடங்குக்கோ, பள்ளிக்கரணைச் சதுப்புநிலத்தின் ஓரத்திலேயே அமைந்த பெருங்குடிக் கிடங்குக்கோ போய்ச் சேரும் கதை நாம் அறிந்ததுதான். அந்தச் சதுப்புநிலம், உலக அளவில் முக்கியமான ஈரநிலங்களுக்கான ராம்சர் பட்டியலில் 2022 முதல் இருக்கிறது.

கேள்வி: டம்ளர் கழுவத் தண்ணீர் செலவாகாதா? 2019 கோடையில் குடத்தோடு அலைந்ததை மறக்க முடியவில்லை. – ஒரு வாசகர், வேளச்சேரி

பூண்டி, சோழவரம், புழல், செம்பரம்பாக்கம் ஆகிய நான்கு ஏரிகளும் வறண்ட அந்தக் கோடையை எவரும் மறக்க மாட்டார்கள்; உங்கள் கேள்வி நியாயமானது. குழாயைத் திறந்துவிட்டுக் கழுவினால் தண்ணீர் வீணாகத்தான் செய்யும். மூன்று அண்டாக்களை வரிசையாக வையுங்கள். முதலாவதில் சீயக்காய்த் தூள் கரைத்த நீர், இரண்டாவதில் அலசும் நீர், மூன்றாவதில் கொதிக்கவைத்த சுத்தமான நீர். முதல் அண்டா கலங்கியதும் அதைக் கொட்டிவிட்டு, இரண்டாவதின் நீரை முதலாவதற்கு மாற்றிக்கொண்டால், புதுநீர் இரண்டாவதற்கும் மூன்றாவதற்கும் மட்டுமே தேவைப்படும். கொட்டும் நீர் பூங்கா மரங்களுக்கே போகலாம். விழா நாளில் கழுவும் வேலையைச் சங்கத் தலைவரும் செயலாளரும் முதல் ஒரு மணி நேரம் செய்தால், அதன் பிறகு தொண்டர்களைத் தேட வேண்டியிருக்காது.

கேள்வி: கலை என்றால் ஓவியப் போட்டியும் மாறுவேடப் போட்டியும் மட்டும்தானா? வேறு என்ன செய்யலாம்? – ஒரு வாசகி, சைதாப்பேட்டை

முதலில் பேனரிலிருந்தே தொடங்குங்கள். ஒரு காலத்தில் அண்ணா சாலை முழுவதும் சினிமா பேனர்களைக் கையால் வரைந்து நிறுத்திய ஓவியர்கள் இந்த நகரத்தில் இருந்தார்கள். ஃப்ளெக்ஸ் வந்தபின் அவர்களின் தொழில் நலிந்தது. உங்கள் பகுதியில் கடைப் பலகை எழுதும் ஒருவராவது இன்னமும் இருப்பார். அவரைத் தேடிப் பிடித்து, காடாத் துணியில் விழாவின் பெயரை எழுதச் சொல்லுங்கள். சிறுவர்கள் சுற்றி நின்று பார்க்கும்படி பூங்காவிலேயே எழுதட்டும். தேதியை மட்டும் தனித்துணியில் எழுதித் தைத்துவிட்டால், அதே பேனர் அடுத்த ஆண்டுக்கும் ஆகும்.

அடுத்தது பழுதுபார்க்கும் மேசை. நெதர்லாந்தின் ஆம்ஸ்டர்டாம் நகரில் 2009-இல் மார்டீன் போஸ்ட்மா என்ற பெண்மணி, பழுதான பொருள்களோடு மக்கள் வந்து, தெரிந்தவர்களின் துணையோடு தாங்களே சரிசெய்துகொள்ளும் கூடுகை ஒன்றைத் தொடங்கினார். அது பிறகு பல நாடுகளுக்குப் பரவியது. நம் ஊரில் குடை ரிப்பேர் செய்பவர், சைக்கிள் கடைக்காரர், தையற்காரர், பழைய பாத்திரத்துக்கு ஈயம் பூசுபவர் என எல்லாருமே தெருமுனையில் இருந்தார்கள். சிலர் இன்றும் இருக்கிறார்கள். அவர்களை மேசை போட்டு உட்காரவைத்து, பக்கத்தில் ஒரு நாற்காலியையும் போடுங்கள். பொருளைக் கொண்டுவருபவர் அதில் உட்கார்ந்து வேலையைப் பார்க்க வேண்டும் என்பதே விதி.

நான் பார்த்த ஒரு மேசையில், "மோட்டார் போய்விட்டது, புதிதுதான் வாங்க வேண்டும்" என்று கடையில் சொல்லிவிட்டார்கள் என்று ஓர் அம்மா மிக்ஸியைக் கொண்டுவந்தார். எலெக்ட்ரீஷியன் அதைக் கவிழ்த்து, அடியிலிருந்த திருகுகளைக் கழற்றி, மோட்டாருக்கு மின்சாரத்தைக் கடத்தும் கார்பன் பிரஷ் ஒன்று தேய்ந்து பாதியாகியிருந்ததை எடுத்து அந்த அம்மாவின் உள்ளங்கையில் வைத்தார்; சுண்டுவிரல் நகத்தளவுதான் இருந்தது. புதியதை மாட்டியதும் மிக்ஸி ஓடியது. அந்தத் தேய்ந்த துண்டை அந்த அம்மா தாளில் மடித்துக் கைப்பையில் வைத்துக்கொண்டார். வீட்டில் காட்ட வேண்டுமாம்.

பழுதுபார்க்க வரும் இவர்களுக்கும், பறை இசைக்க வரும் குழுவுக்கும், ஒயிலாட்டக்காரர்களுக்கும் ஊதியம் கொடுத்துவிடுங்கள். பொன்னாடை போர்த்தி அனுப்புவது ஊதியமாகாது. நுழைவுதான் இலவசம், உழைப்பு இலவசமன்று. ரிப்பேர் செய்பவரின் ஒரு நாள் வருமானத்தைச் சங்கம் ஏற்றுக்கொண்டால், வருபவர் உதிரிபாகத்தின் விலையை மட்டும் கொடுத்தால் போதும்.

கேள்வி: பிப்ரவரியில் கடற்கரை மணலிலேயே இரவு விழா வைக்கலாம் என்று நண்பர்கள் சொல்கிறார்கள். – ஒரு வாசகர், கொட்டிவாக்கம்

மணலில் வேண்டாம். ஜனவரி முதல் மார்ச் வரை பங்குனி ஆமைகள், அதாவது ஆலிவ் ரிட்லி ஆமைகள், நம் கரையில் ஏறி முட்டையிடும் காலம். நீலாங்கரை – பெசன்ட் நகர் கரையில் 1988 முதல் மாணவர்கள் இரவில் நடந்து அந்த முட்டைகளைச் சேகரித்துக் காத்து வருகிறார்கள். குஞ்சுகள் வெளிச்சமான திசையைக் கடலென்று எண்ணி நகர்பவை. மேடை விளக்கு எரிந்தால் அவை சாலையை நோக்கிப் போகும், தாய் ஆமையும் கரையேறத் தயங்கும். உட்புறத் தெருவில் மாலை நான்கு மணிக்குத் தொடங்கி இருட்டுவதற்குள் முடித்துக்கொள்ளுங்கள். இரவு பத்து மணிக்கு மேல் ஒலிபெருக்கிக்கு எப்படியும் தடை உண்டு.

கேள்வி: விழா முடிவில் அனைவருக்கும் மரக்கன்று தரலாமா? – ஒரு வாசகர், குரோம்பேட்டை

அடுக்குமாடியில் குடியிருப்பவர் மரக்கன்றை எங்கே நடுவார்? கேட்பவருக்கு மட்டும் கொடுங்கள். மற்றவர்களுக்கு விதை கொடுக்கலாம். திருத்துறைப்பூண்டியை அடுத்த ஆதிரெங்கத்து நெல் திருவிழாவில், பாரம்பரிய நெல் வகைகளை மீட்டெடுத்த நெல் ஜெயராமன் ஒவ்வொரு விவசாயிக்கும் இரண்டு கிலோ பாரம்பரிய விதைநெல்லைக் கொடுத்து, மறு ஆண்டு நான்கு கிலோவாகத் திருப்பித் தரச் சொன்னார். நீங்களும் கத்தரி, வெண்டை, அவரை விதைகளை ஒரு கைப்பிடி மடித்துக் கொடுத்து, பெயரை நோட்டில் எழுதிவைத்து, அடுத்த விழாவில் இரு மடங்காகக் கேட்டு வாங்குங்கள். வெண்டையில் இரண்டு காய்களை மட்டும் பறிக்காமல், செடியிலேயே காய்ந்து பழுப்பேறும் வரை விட்டுவைக்கச் சொல்ல வேண்டும். எல்லாவற்றையும் பிஞ்சிலேயே பறித்துச் சமைத்துவிடுவதால்தான் மாடித்தோட்டக்காரர்கள் பலருக்கு விதை மிஞ்சுவதில்லை.